என் வீட்டில் கழிவறை எந்தப் பக்கம்?

ஒரு மனிதனைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்பதில் எங்கள் சனத்தை வெல்ல உலகத்தில் ஆளில்லை என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன். ஒரு கல்யாணம் பேச்சில் வந்துவிட்டால், மாப்பிள்ளை எந்தக் கடையில் தலைமயிர் வெட்டுகிறான் என்பதுவரை கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். ஆனால் எங்களையும் விஞ்சிய கூட்டம் ஒன்று உண்டு. அது உதைபந்தாட்டக் கழகம். ஒருவனை எடுப்பதற்கு முன் அவன் யாரோடு சுற்றுகிறான், எத்தனை மணிக்குப் படுக்கிறான், தாயோடு பேசுகிறானா என்றெல்லாம் ஆள் வைத்துப் பார்ப்பார்கள். இதை நான் பேப்பரில் படித்து அறியவில்லை. என்னையே பார்க்க வந்தார்கள்.

(பெரிய கழகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒஸ்லோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். மைதானத்தின் ஒரு கரையில் செம்மறியாடுகள் மேயும்.)

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. மன்னாரில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு கொழும்பு, மலேசியா, இத்தாலி என்று நின்ற இடத்தில் நில்லாமல் அலைந்து ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தேன். ஹவுகெட்டோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறை. ஜன்னல் தரைமட்டத்தில் இருந்ததால் போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டுமே தெரியும். ஆறு மாதத்தில் அயலட்டையைச் சப்பாத்து வைத்தே அடையாளம் பிடிக்கப் பழகிவிட்டேன். பச்சை ரப்பர் சப்பாத்துக்காரி இரண்டு நாள் வராவிட்டால் சுகமில்லையோ என்று கவலைப்படுவேன். அவளுடைய முகத்தை நான் கண்டதேயில்லை.

வேலை, ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு. மேசைக்காரர்கள் வருவதற்கு முன் நாங்கள் போய்விடவேண்டும். சில கிழமைகளில் திங்கள் முதல் வெள்ளிவரை நான் வாய் திறந்து சொன்னது, கடையில் “பை வேண்டாம்” என்பது மட்டும்தான். இதைப் பெரிய சோகமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

கடவுள் எனக்குக் கொடுத்தது உயரம். கோடையில் தமிழர்களின் சுற்றுப்போட்டியில் ஆள் குறைந்த ஓர் அணிக்குக் கோல்கீப்பராக நின்று இரண்டு பெனால்டி பிடித்தேன். (ஒன்றைப் பிடித்தேன். மற்றது என் முழங்காலில் தானாக வந்து பட்டது.) அன்றைக்கு எதிரணியின் முன்வரிசைக்காரனைப் பார்க்க ஸ்தைனார் என்ற நோர்வேக்காரர் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். வந்தவர் அவனை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார். இரண்டு தடவை பயிற்சிக்குக் கூப்பிட்டார். இரண்டாம் தடவை முடிந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

“காலையில் மர ஆலையில் வேலை. மாலையில் பயிற்சி. வேறு மூன்று ஆட்டக்காரர்களோடு ஒரே வீட்டில் இருக்கலாம். அவர்கள் முறை வைத்துச் சமைப்பார்கள். நாலு பேரும் சேர்ந்து சாப்பிடுவீர்கள்.”

மர ஆலையும் பயிற்சியும் என் காதில் ஏறவில்லை. நாலு பேர், ஒரு மேசை. அந்த மேசைக்காக ஆடுகளுக்கும் சேர்த்துக் கோல் காக்கத் தயாராக இருந்தேன்.

“ஆனால் முதலில் உன் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டும். போன கோல்கீப்பர் தனிக்கட்டை. நவம்பர் இருட்டில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். இனி ஆதரவுக்கு ஆள் இல்லாதவனை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நீ யாரோடு இருக்கிறாய்?”

“அண்ணா குடும்பத்தோடு” என்றேன். “மோர்டென்ஸ்ருடில்.”

எனக்கு அண்ணாவே கிடையாது.

ஒஸ்லோவில் என் பெயர் தெரிந்த ஒரே மனிதர், வேலையில் என் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த மரியநாயகம் அண்ணை. அவர் வீடு மோர்டென்ஸ்ருடில், வரிசை வீடுகளில் ஒன்று. அங்கே நான் ஒரேயொரு தடவை சோபா தூக்கிக் கொடுக்கப் போயிருக்கிறேன். அதுவும் வாசல்வரை. அடுத்த நாள் தண்ணி வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் கேட்டேன்.

“அண்ணை, ஞாயிற்றுக்கிழமை ஒரு ரெண்டு மணித்தியாலம் உங்கட குடும்பத்தைத் தருவீங்களோ?”

அவர் துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “கார் இரவல் கேட்டிருக்கிறாங்கள். கோட் சூட் கேட்டிருக்கிறாங்கள். குடும்பம் கேட்டவன் நீதானடா முதல் ஆள். பொறு, அக்காட்டைக் கேட்டுச் சொல்லுறன்.”

அண்ணையின் மனைவி ஜெசிந்தா அக்காவுக்கு விஷயம் முழுதாக விளங்கவில்லை. வீட்டுக்கு ஆள் வந்து ஒரு பெடியனைப் பற்றி விசாரிக்கப்போகிறது என்பது மட்டும் விளங்கியது. அப்படி ஒன்று அவருக்குத் தெரிந்தவரையில் ஒரே காரணத்துக்காகத்தான் நடக்கும்.

“எத்தினை பேர் வருகினம்?”

“ஒராள்தான் அக்கா.”

“ஒராளுக்கு எப்பிடி வடை சுடுறது? அம்பது சுடுவம்.”

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்த கையோடு போனேன். அண்ணை தன் கல்யாண கோட்டைப் போட்டுக்கொண்டு மூச்சுவிடச் சிரமப்பட்டார். அக்கா என் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டார். பத்து வயது மகள் செலின் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“பொய் சொல்லக்கூடாது எண்டு ஸ்கோலயில ரீச்சர் சொன்னவ.”

“பொய் இல்லைப் பிள்ளை. இண்டைக்கு மட்டும் இவர் உனக்குச் சித்தப்பா.”

“அப்ப நாளைக்கு?”

அக்கா அவளுடைய கையில் ஒரு வடையைத் திணித்தார். கடைசியில் தன் கட்டிலில் நான் உட்காரக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். ஏனென்றால் என் அறை என்று காட்டத் தீர்மானித்தது அவளுடைய அறையைத்தான்.

ஸ்தைனார் சரியாகச் சொன்ன நேரத்துக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்து வடைமலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சின்னக் கொப்பி ஒன்றைத் திறந்தார். எத்தனை மணிக்கு எழும்புவேன், என்ன சாப்பிடுவேன் என்று கேட்டார். வேலை இடத்தில் நோர்வே மொழி பேசிப் பழகிய அண்ணையும் அக்காவும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். நல்லாகத்தான் போனது. பிறகு அறையைப் பார்க்கக் கேட்டார்.

சுவர் முழுக்கக் குதிரைப் படங்கள். படுத்தால் கட்டில் என் முழங்கால்வரைதான் காணும். தலையணையில் ஒரு பஞ்சு முயல்.

“குதிரை பிடிக்குமா?” என்று கேட்டார்.

“சரியான விருப்பம்” என்றேன். (உயிரோடு ஒரு குதிரையை நான் அதுவரை கிட்ட நின்று பார்த்ததில்லை.)

அவர் கட்டிலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், கொப்பியில் எதுவும் எழுதவில்லை. கீழே வந்ததும், மூன்று கோப்பை கோப்பி குடித்த மனிதர் என் பக்கம் திரும்பி மிகச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். கழிவறை எந்தப் பக்கம்?

வீட்டு நடையில் மூன்று கதவுகள். மூன்றும் வெள்ளை. எல்லாவற்றுக்கும் ஒத்திகை பார்த்தோம், இதற்குப் பார்க்கவில்லை. அக்கா குசினியில். அண்ணை கோட்டின் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் அந்த வீட்டில் வாழ்ந்த மனிதனின் நிதானத்தோடு நடுக்கதவைக் காட்டினேன்.

திறந்தார். கிறிஸ்மஸுக்கு வைக்கும் செயற்கை நத்தார் மரம் ஒன்று நெடுநாள் பிரிந்த உறவினரைப்போல அவர்மேல் விழுந்து கட்டிப்பிடித்தது. பின்னால் ஒரு அரிசி மூட்டை சரிந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது.

“மன்னிக்கவேணும், அடுத்தது” என்றேன்.

அடுத்ததைத் திறந்து காலை வைத்தார். அது பின்வளவு. ஒக்டோபர் மழை. கம்பளிக் காலுறையோடு ஈரப் புல்லில் நின்றபடி அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லது.

செலின் எழும்பிப் போய் அவர் கையைப் பிடித்து மூன்றாவது கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது தமிழில் சொன்னாள், “ரெண்டு கதவில ரெண்டும் பிழை, சித்தப்பா.”

ஸ்தைனார் வந்து உட்கார்ந்து ஈரக் காலுறைகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். கொப்பியை மூடினார்.

“இவன் இந்த வீட்டில் வசிப்பவன் இல்லை என்பது தெரிகிறது. பரவாயில்லை” என்று அக்காவிடம் சொன்னார். “ஆனால் உங்களுக்கு இவனைத் தெரியுமா? இவன் எப்படிப்பட்ட ஆள்?”

இதற்குத்தான் அக்கா காலையிலிருந்து காத்திருந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் சனம் கல்யாண விசாரணையில் சொல்லும் மிக உயர்ந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“தங்கமான பெடியன். குடி இல்லை, புகை இல்லை. வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. வெளியில ஒரு இடம் போகமாட்டான். ஆரோடையும் கதைக்கமாட்டான். ஆரும் தேடி வரவும் மாட்டினம். ஒரு கூட்டாளிகூட இல்லை! அவ்வளவு நல்லவன்.”

இதெல்லாம் அண்ணை வேலையிடத்தில் என்னைப் பார்த்துவிட்டு வீட்டில் சொன்னவை. அண்ணையும் பெருமையோடு தலையாட்டினார்.

ஒரு கல்யாணத் தரகர் இதைக் கேட்டிருந்தால் அங்கேயே நாள் குறித்திருப்பார். ஸ்தைனார் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் நத்தார் மரத்தைப் பார்த்தேன். அந்த வீட்டில் அன்று சொல்லப்பட்ட பொய்களுக்கு நடுவில், இது ஒன்றுதான் முழு உண்மை. அதை இன்னொருவர் வாயால், அதுவும் பாராட்டாகக் கேட்பது அதுதான் முதல் தடவை.

செலின்தான் மெதுவாகச் சொன்னாள். “அம்மா, அது நல்ல விஷயம் இல்லை.”

அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

வியாழக்கிழமை ஸ்தைனார் போனில் எடுத்தார். நல்ல கோல்கீப்பர்தான், ஆனால் இன்னொருவனை எடுத்துவிட்டோம் என்றார். வைக்கும் முன்னர், “அந்த வீட்டை விட்டுவிடாதே” என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைச் சப்பாத்து போனது. அந்த நாலு பேர் மேசையைப் பற்றி இன்றைக்கும் சிலநேரம் நினைப்பதுண்டு.

சனிக்கிழமை அக்கா போன் எடுத்தார்.

“தம்பி, யேசுவின்ட திருஇருதயப் படத்துக்கு முன்னால இருந்து நீர் எங்கட ஆள் எண்டு பொய் சொல்லிப்போட்டம். எனக்கு நித்திரை வருகுதில்லை. அதை உண்மையாக்கினால்தான் சரி. நாளைக்குப் பூசை முடிய சாப்பிட வாரும்.”

“இல்லை அக்கா, உங்களுக்கு ஏன் கரைச்சல்...”

“கரைச்சல் குடுத்தது முடிஞ்சுது. பிரீசரில மிச்சம் முப்பத்தொரு வடை கிடக்கு. வாரும்.”

போனேன். அடுத்த ஞாயிறும் போனேன். பெப்ரவரியில் பனியில் வழுக்கிக் கணுக்கால் உடைந்து கிடந்தபோது, ஜன்னலில் ஒரு புதுச் சோடிச் சப்பாத்து வந்து நின்றது. கையில் சூப் பாத்திரத்தோடு அக்கா குனிந்து, “கதவு எந்தப் பக்கமடா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் நான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஸ்தவாங்கரில் இரண்டு வருடம், வடக்கே மீன் வெட்டும் இடத்தில் ஒரு வருடம். இப்போது திரும்பவும் ஹவுகெட்டோவில்தான், வேறொரு அறை. தனி ஆள்தான். அது அவ்வளவு சுலபத்தில் மாறுகிற விஷயமில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு யார் வந்து கழிவறை எங்கே என்று கேட்டாலும், “சித்தப்பாவைக் கேளாதேங்கோ!” என்று குசினியிலிருந்து அக்கா கத்துவார். கல்யாணம் விசாரிக்க யாராவது அக்காவிடம் வந்தால், அவர் முதலில் கேட்பதும் மாறிவிட்டது. “பெடியனுக்குக் கூட்டாளிமார் இருக்கினமோ?”

போன மாதம் செலின் தன் நண்பன் யூனாஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இப்போது இருபத்திரண்டு. மேசையில் ஐம்பது வடை. அண்ணை அதே கோட்டில். பொத்தான் இப்போது கிட்டவும் வராது. தனக்கு ஏழு நெருங்கிய கூட்டாளிகள் என்று யூனாஸ் சொன்னதும் அக்கா அவன் தட்டில் இன்னும் இரண்டு வடை வைத்தார்.

பிறகு அவன் எழும்பி, பக்கத்தில் இருந்த என்னிடம் குனிந்து, கழிவறை எங்கே என்று கேட்டான்.

செலின் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வடையைத் தின்றபடியே, திரும்பிப் பார்க்காமல் கையைக் காட்டினேன். அவன் போனான். கதவு திறந்து மூடியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அக்கா மூச்சு விட்டார்.