மேனேஜர் அறையில் சிவப்பு விளக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் இருமலின்றி நலமாயிருக்க வேண்டுகிறேன். குப்பை பிரிக்கிற வேலையை உடனே விட்டுவிடச் சொல்லி எழுதியிருந்தாய். அதற்கு அவசியமே இல்லை. இங்கே காற்று இப்போது எவ்வளவோ தேவலை. எப்படி என்று கேள்.

எங்கள் கொட்டகையில் புழுதியை அளக்க ஒரு கருவி மாட்டினார்கள். காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, கெட்டால் சிவப்பு விளக்கோடு கத்தல். மாட்டியதிலிருந்து ஒரே கத்தல்தான். மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வதென்று தலையைப் பிய்த்துக்கொண்ட மேனேஜர், அதைக் கழற்றித் தன் ஏசி அறையில் மாட்டிக்கொண்டார். உடனே பச்சை! மனிதர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. ஆனால் அந்த அறைக்குள் நாங்கள் போகாமல் இருக்க முடியுமா? குப்பை நகர்ந்து வரும் பெல்ட்டை ஓட்டுகிறவர் லீவு கேட்கப் போய்ச் சட்டையை உதறினார், கத்தல். நான் சும்மா நின்று ஒரு தும்மல்தான் போட்டேன், கத்தல். கண்ணாடித் துண்டு பொறுக்கும் பெரியம்மா, கிழிந்த கையுறையை மேசைமேல் பொத்தென்று போட்டார். மேனேஜர் நாற்காலியோடு பின்னால் போய்விட்டார்.

"ஏம்மா, நீங்க உள்ள வந்தாலே இது ஏன் இப்படிக் கத்துது?"

"மேல ஒட்டிக்கிட்டு வந்ததுக்கே இந்தக் கத்தல்னா, எங்க உள்ள போனதுக்கு எவ்வளவு கத்தணும் சார்?"

அன்றே அவருக்கு உயிர்ப்பயம் பிடித்துக்கொண்டது. தன் அறைக் காற்றை வெளியே தள்ளப் பெரிய ஃபேன் ஒன்று போடச் சொன்னார். போட வந்தவர் எந்தச் சுவர் சுலபமாக உடைந்ததோ அதில் ஓட்டை போட்டார். அது கொட்டகைப் பக்கச் சுவர். இப்போது ஏசிக் குளிர் மொத்தமும் எங்கள் தலையில் கொட்டுகிறது, மேனேஜர் வியர்த்து வழிகிறார். எங்களுக்கு மாஸ்க்கும் வந்துவிட்டது. மூக்கு அரித்தால்தான் பாடு. இருமலா? காலையில் கொஞ்சம், படுக்கும்போது கொஞ்சம், நடுவில் பேசினால் கொஞ்சம். அவ்வளவுதான்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு,
உன் பேச்சை என்றுமே தட்டாத தம்பி

பி.கு.: தபாலில் போட மறந்து இந்தக் கடிதம் பையிலேயே கிடந்தது. அதற்குள் மேனேஜர் தன் நெஞ்சைக் காட்ட டாக்டரை வரவழைக்க, அவர் எங்களையும் விடாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டார். மேனேஜருக்கு ஒன்றுமில்லையாம். என் படத்தை மட்டும் இரண்டு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார். பயமாக இருக்கிறது அக்கா. உன்னை விட்டால் எனக்குப் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள்? உடனே புறப்பட்டு வா.