தண்ணி விசயத்தில் இவரை மிஞ்ச ஆளில்லீங்க

என் மகளுக்கு வந்த நல்ல வரனைக் கெடுப்பதற்காகவே சொட்டு சார் இந்த உலகத்தில் பிறந்து, படித்து, வேலை பார்த்து, ஓய்வு பெற்று, எங்கள் நகரில் வந்து குடியேறியிருக்கிறார் என்று நான் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். ஐம்பது தாண்டி, சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டு, பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற தகப்பன் எதை வேண்டுமானாலும் நம்புவான்.

மரியாதை கொடுத்தே ஒரு மனிதனின் மானத்தை வாங்க முடியும் என்று கோயம்புத்தூருக்கே காட்டியவர் அவர். எங்கள் பக்கத்தில் எல்லோரும்தான் 'ங்க' போட்டுப் பேசுகிறோம். எங்களுக்கு அது வாய்ப்பழக்கம். அவர் கையில் அது அரிவாள்.

அரசுப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தவர். தலையில் ஒரு முடி கிடையாது. எங்கே சொட்டுச் சத்தம் கேட்டாலும் நின்றுவிடுவார். எப்போதும் அடுத்தவர் வீட்டைச் சொட்டை சொல்லிக்கொண்டிருப்பார். இந்த மூன்றில் எதனால் அந்தப் பெயர் வந்தது என்று நகரில் மூன்று கட்சி உண்டு. என் வீட்டு மேல்தொட்டி நிரம்பி வழிந்தால், கீழே வாளியோடு வந்து நிற்பார். வாளி நிறைந்ததும் கதவைத் தட்டுவார்.

"ஏனுங்க, உங்க தண்ணி கீழ எறங்கி வந்துருச்சுங்க. உள்ள கூப்புட்டுக்கறீங்ளா?"

அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் வீதிக்குப் போய்விடுவார். அவர் வீடு அங்கே கடைசி.

எங்கள் நகர் சரவணம்பட்டி தாண்டி இருக்கிறது. மொத்தம் ஐந்து வீதி, தண்ணீருக்கு ஒரே குழாய். பத்து நாளைக்கு ஒரு முறை நல்ல தண்ணி விடுவார்கள். முதல் நாலு வீதிக்காரர்களும் கீழ்த்தொட்டியை நிரப்பி, மேல்தொட்டியை நிரப்பி, அது வழிந்து, காரைக் குளிப்பாட்டி, வாசலைக் குளிப்பாட்டி, இனிக் குளிப்பாட்ட ஒன்றுமில்லை என்று குழாயை மூடும் நேரத்தில் ஐந்தாம் வீதிக்குக் காற்று போய்ச் சேரும். 'புஸ்' என்று ஒரு சத்தம். அதுதான் அவர்கள் பங்கு.

லாரித் தண்ணியைக் குடம் குடமாகத் தூக்கியே சொட்டு சாரின் மனைவிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு நாள் பிள்ளையார் கோயில் வாசலில், நாலு பேர் முன்னால் அந்த அம்மா சொல்லிவிட்டார். "சித்திரைக்குள்ள நம்ம கொழாய்ல தண்ணி வரோணுமுங்க. இல்லீன்னா நான் வெள்ளகோவிலுக்குப் புள்ள ஊட்டுக்குப் போயிருவேன். நீங்க இங்கயே காத்தப் புடிச்சுக் குடிச்சுட்டு இருங்க."

மனைவி போனால் அவரும் போயாக வேண்டும். ஆனால் அது அவர் செங்கல் செங்கலாகத் தானே நனைத்துக் கட்டிய வீடு. அதனால்தான் நகர் நலச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு சவாலை வைத்தார். ஒரு மாதம், யாரும் தண்ணீரை வீணாக்குவதில்லை. எந்த வீடு சிக்கனம் என்று ஒரு போட்டி.

பரிசு என்ன என்று தலைவர் கேட்டார்.

"அஞ்சாவது வீதில தண்ணி வருமுங்க" என்றார் சொட்டு சார்.

கூட்டம் இதை ஆழமாக யோசித்தது. பிறகு மிக்சர் தட்டு எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தது.

சிக்கனத்துக்குப் பரிசு என்றால் ஒரு பயலும் அசையமாட்டான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. போட்டியைத் தலைகீழாக்கினார். அந்த வாரம் யார் அதிகம் வீணாக்கினார்களோ அவர்களுக்குப் பொன்னாடை. பணி ஓய்வு விழாவில் போட்ட ஜிகினாச் சால்வைகள் அவர் பீரோவில் ஒரு அடுக்கு இருந்தன. உடுத்தவும் முடியாது, தூக்கிப்போடவும் மனம் வராது என்று எல்லா வீட்டிலும் கிடக்குமே, அதே சாமான்.

முதல் ஞாயிறு, முதல் வீதி பம்ப்செட் கம்பெனிக்காரருக்கு விழுந்தது. ஊருக்கெல்லாம் மோட்டார் செய்து விற்பவர், சொந்த வீட்டு மோட்டாரை நிறுத்த மட்டும் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. வாசலில் நாலு பேரைக் கூட்டி, எலுமிச்சம்பழம் கொடுத்து, சால்வை போர்த்தி, "இந்த வாரம் நம்ம எல்லாத்துக்கும் தண்ணி காட்டுனவருங்க" என்று சொட்டு சார் கைகூப்பினார். மனிதர் பூரித்துப்போய்ப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டார். வாழ்த்துகள் குவிந்தன. எதற்கு வாழ்த்து என்று அவர் மனைவி விசாரித்துச் சொன்னபிறகு அவர் வீட்டுக் காரும் வாசலும் பல நாள் குளிக்கவேயில்லை.

அதற்குப் பிறகு நகர் மாறியது. மனசாட்சி செய்யாத வேலையைச் சால்வை செய்தது.

இங்கேதான் எனக்குக் கிலி பிடித்தது. மூன்றாம் ஞாயிறு தாராபுரத்திலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கே நல்ல தண்ணி விடும் நாள். நான் முந்தைய நாளே வீட்டில் அவசர நிலை அறிவித்தேன். அரைக் குவளையில் சவரம். பல் தேய்த்தவர்கள் கொப்பளிக்க என்னிடம் அனுமதி பெற வேண்டும். விடியும் முன்பே மொட்டை மாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லைப் பாதுகாப்புக்குக்கூட இத்தனை விழிப்பு கிடையாது.

வாசலில் தாராபுரம் கார் வந்து நின்றது. நான் வேட்டியை இறுக்கிக்கொண்டு கீழே ஓடினேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

பெண் வந்து காபி கொடுத்து, மாப்பிள்ளை தரையைப் பார்த்து, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே அருவி கொட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சொட்டு சார் உள்ளே வந்தார், கையில் மடித்த சால்வையோடு.

விருந்தாளிகளைப் பார்த்ததும் அவரே ஒரு கணம் திகைத்தார். ஆனாலும் விதி விதிதான். சால்வையை என்மேல் போர்த்தினார். மாப்பிள்ளையின் அப்பா மலர்ந்துபோய், எதற்கு இந்த மரியாதை என்று கேட்டார். சம்பந்தம் பேசும் இடத்தில் தொட்டி வழிந்த கதையைச் சொல்லி என் மானத்தை வாங்கக் கூடாது என்று சொட்டு சார் நினைத்திருக்கிறார். நல்ல மனம். அதனால் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

"தண்ணி விசயத்துல இவர மிஞ்ச எங்க ஏரியாவுலயே ஆளில்லீங்க."

மாப்பிள்ளையின் அம்மா காபியைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையின் அப்பா என் கண்ணையும் மூக்கையும் உற்றுப் பார்த்தார்.

"காலைலயேங்களா?" என்றார்.

"விடியறதுக்கு முன்னயே மேல போய் உக்காந்துட்டாருங்க" என்றார் சொட்டு சார், பெருமையாக.

அவர்கள் போன பிறகு சால்வையைக்கூடக் கழற்றாமல் ஐந்தாம் வீதிக்குப் போனேன். அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். எல்லாம் 'ங்க' இல்லாத வாக்கியங்கள்.

வாசல் குழாய்க்கு முன்னால் அவரும் மனைவியும் குந்தியிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"சத்தம் போடாதீங்க" என்றார் அவர், திரும்பாமலே. "வருதுங்க."

குழாய் புஸ்ஸென்றது. இருமியது. பிறகு விரல் கனத்துக்கு ஒரு தாரை இறங்கியது. என்னைத் தவிர நகர் மொத்தமும் சால்வைக்குப் பயந்து நேரத்தோடு குழாயை மூடியிருக்கிறது. முழுக் குடம்கூட இல்லை, அரைக் குடம்தான். அந்த அம்மா முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார். சண்டைக்குப் போனவன் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

இரண்டு நாள் கழித்துத் தரகர் பேசினார். தாராபுரத்தில் எல்லோருக்கும் சம்மதமாம். கம்பெனி கொடுக்க ஒரு சம்பந்தி கிடைத்தார் என்று மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஏக சந்தோசமாம். நான் காபிகூட அளவாகக் குடிக்கிறவன் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவானது.

மாதம் முடிந்தது. கடைசிக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டிக்கொண்டோம். அடுத்து தண்ணி விட்ட நாளில் ஐந்தாம் வீதிக் குழாயில் மறுபடியும் காற்று வந்தது.

நானும் அவரும் தண்ணீர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி விளக்கினார். எங்கள் நகரில் தண்ணீர் மிச்சமாவது தெரிந்ததாம். மிச்சம் இருக்கிறதே என்று, எங்கள் குழாயிலேயே பக்கத்துப் புது அபார்ட்மெண்டுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டார்களாம்.

"கம்மியா பொழங்கிப் பழகிட்டீங்கல்ல, உங்களுக்குக் கஷ்டமாத் தெரியாதுங்க" என்றார்.

வெளியே வந்து, இப்போது என்ன செய்வது என்று கேட்டேன்.

"தெரியல" என்றார் சொட்டு சார். 'ங்க' இல்லை. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நகரில் செய்தி பரவியதும் எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். மிச்சம் பிடித்தால் பிடுங்கிக்கொள்வான் என்று இவருக்குத் தெரிய வேண்டாமா என்றார்கள். பம்ப்செட் கம்பெனிக்காரர் தன் வீட்டுக்கு இன்னொரு தொட்டி கட்டினார். கார்கள் மறுபடியும் குளித்தன. சித்திரையும் வந்தது.

கடைசி வாரத்தில் சாமான் வண்டி வந்து நின்றது. அந்த அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சொட்டு சார் வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, "போயிட்டு வாரேனுங்க" என்று என்னைக் கும்பிட்டுவிட்டு ஏறினார். வழியனுப்ப வேறு யாரும் வரவில்லை.

வண்டிக்குப் பின்னாலேயே சூலூர் வரைக்கும் ஸ்கூட்டரில் போனேன். அதற்கு மேல் போனால் வீட்டில் என்ன காரணம் சொல்வது என்று தெரியாததால் திரும்பி வந்துவிட்டேன்.