இடுப்பில் கட்டிய அமெரிக்கா

தாராவியில் பேஸ்பால் ஆடியவர் ஒருவரும் இல்லை. பார்த்தவரும் இல்லை. பந்தை அடித்த கையோடு மட்டையைக் கீழே போட்டுவிட்டு அடித்தவன் எதற்காக ஓடுகிறான் என்று கேட்டால், பதில் சொல்லத் தெரிந்தவர் தொண்ணூறடி ரோடு முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். ஆனாலும் அந்த நவம்பர் மாதம் தொப்பி தைக்கிற சந்துகளில் நாலு பேர் கூடினால் பேச்சு ஒன்றுதான். ஹாலிங்கர் எந்த ஊருக்குப் போவான்?

ஹாலிங்கர் என்பவன் அமெரிக்காவில் பந்து எறிகிறவன். பழைய டீமோடு அவனுக்கு இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனி எந்த டீம் கூப்பிட்டாலும் போகலாம். ஆட்டமில்லாத குளிர்காலத்தில் இப்படிப்பட்டவர்களை டீம்கள் போட்டி போட்டுக்கொண்டு பேசி முடிக்கும். நம் ஊரில் என்ஜினீயர் மாப்பிள்ளையைப் பேசுவது மாதிரிதான். அங்கே மாப்பிள்ளைக்கும் வாய் திறக்க உரிமை உண்டு என்பது ஒன்றுதான் வித்தியாசம். அவன் எங்கே கையெழுத்துப் போடுகிறானோ அந்த டீமின் நிறத்தில் தொப்பி வாங்க ஜனம் அலைமோதும். தொப்பிகளை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்கிற செம்பூர் ஏஜெண்ட், அந்த நிறத்தில் யாரிடம் மால், அதாவது சரக்கு, தயாராக இருக்கிறதோ அவரிடம் மொத்தமாக எடுத்துக்கொள்வார். மற்றவர்களுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஆகவே செய்தி வருவதற்கு முன்பே நிறம் தெரிந்தாக வேண்டும். தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் பேச்சிராஜா.

அவன் வீட்டு வாசலில் நின்ற வரிசை ரேஷன் கடை வரிசையைவிட நீளம். ரேஷன் கடையில் கடைசி ஆளுக்கு அரிசியாவது கிடைக்கும்.

பேச்சிராஜா முன்பு லாட்டரிக்கு நம்பர் சொன்னான். அது ஓடவில்லை. பேய் ஓட்டினான். தாராவி வாடகைக்குப் பயந்து பேய்களே காலி செய்துகொண்டு போய்விட்டதால் அதுவும் படுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் பழைய சாமான் மூட்டை ஒன்றில் வெள்ளைத் தோல் பந்து ஒன்று அவன் கைக்கு வந்தது. சிவப்பு நூலில் நூற்றெட்டுத் தையல். தைத்தவனுக்கு அது தையல். பேச்சிராஜாவுக்கு அது தெய்வம். பந்தைப் பட்டுத் தலையணையில் வைத்தான், கண்ணை மூடினான், பந்துச் சாமி ஆகிவிட்டான். முஸ்லிம் வாடிக்கையாளர் வந்தால் நூற்றெட்டைப் பற்றி மூச்சுவிடமாட்டான். ஒரு விரலை மட்டும் மேலே காட்டுவான். விரலுக்கு ஏது மதம்.

ஊர்ப் பெயர்களெல்லாம் அவன் வாயில் நுழையாது. எனவே நிறம் சொன்னான். சொன்னான் என்றுகூடச் சொல்ல முடியாது, கட்டினான். வந்தவரைத் தனியறைக்குக் கூட்டிப்போய், பந்தைத் தலையைச் சுற்றி, ஹாலிங்கர் போகப்போகிற டீமின் நிறத்தில் இடுப்பில் ஒரு கயிறு கட்டிவிடுவான். அதோடு ஒரு கட்டளை. கயிற்றை யாரும் பார்க்கக் கூடாது. நிறத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் ஹாலிங்கருக்கு மனசு மாறிவிடும். தாராவியில் ஒருவர் வாய் திறந்தால் அமெரிக்காவில் ஒருவனுக்கு மனசு மாறும் என்பதை எல்லாரும் பயபக்தியோடு நம்பினார்கள். பக்கத்துச் சந்துக் கவுன்சிலர் மனசை மாற்ற இத்தனை வருஷமாக முடியாதவர்கள்.

இந்தக் கட்டளையைக் காப்பாற்றுவது தொப்பிக்காரர்களுக்குக் கஷ்டமும் இல்லை. அவர்கள் தொழிலே அப்படி. என்ன நிறம் தைக்கிறோம் என்பது அடுத்தவனுக்குத் தெரியாமல் பட்டறை வாசலில் சாக்குத் திரை போட்டுக்கொள்கிறவர்கள். பெற்ற பிள்ளையின் நிக்காஹ் தேதியைச் சொன்னாலும் துணியின் நிறத்தைச் சொல்லமாட்டார்கள்.

ஜெயினுலாப்தீன் அப்படிப்பட்ட ஒருவர்தான். ஆனால் போன வருஷம் தவறிவிட்டார். போன வருஷத்து ஆட்டக்காரனுக்காக அவருக்குக் கட்டியது மஞ்சள் கயிறு. சந்தோஷம் தாங்காமல் மனைவி ஹபீபாவிடம் சொல்லிவிட்டார். ஆட்டக்காரனோ பச்சைத் தொப்பி டீமுக்குப் போனான். பச்சை தைத்து வைத்திருந்த அடுத்த சந்து நம்பிராஜன் முலுண்டில் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். ஜெயினுலாப்தீன் நஷ்டத்தை அடைக்க, ஹபீபாவின் இரண்டு எம்ப்ராய்டரி மெஷினில் ஒன்றை விற்றார். பேச்சிராஜாவிடம் போய் அழுதபோது அவன் கேட்டது ஒரே கேள்வி. "வீட்டுல சொன்னியளா?"

அன்றிலிருந்து ஒரு வருஷமாக அந்த வீட்டில் எது கெட்டாலும் காரணம் ஹபீபாவின் காது. விற்காத மஞ்சள் தொப்பிகள் பரண் நிறையக் கிடந்தன. சந்துப் பிள்ளைகளெல்லாம் மஞ்சள் தொப்பியோடு திரிந்தன. கறிக்கடை ஆடுகூட மஞ்சள் தொப்பியோடுதான் கடைசி யாத்திரை போனது. அடுத்த சந்தில் பிள்ளைகள் சிவப்புத் தொப்பி போட்டிருந்தன. அதற்கடுத்த சந்தில் நாய்களுக்கு நீலம். ஏன் சந்துக்குச் சந்து வேறு நிறம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்குத் தலை வேண்டும். தலைகளில்தான் தொப்பி இருந்ததே.

இந்த வருஷம் ஜெயினுலாப்தீனுக்கு நீலக் கயிறு. கையில் இருந்ததையெல்லாம் போட்டு வெள்ளைத் துணி எடுத்துவிட்டார். திங்கட்கிழமை சாயப் பட்டறைக்குப் போக வேண்டும். தொட்டியில் விழுந்துவிட்டால் நீலம் நீலம்தான். தவறிப்போனால் ஹபீபாவின் மிச்ச மெஷினும் போகும். ஆனால் தவறாது, ஏனென்றால் இந்தத் தடவை ஹபீபாவுக்குத் தெரியாது. ஜமாத்துக்கும் தெரியாது. கயிறு தெரிந்துவிடக் கூடாதே என்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார், எழுந்தார், மறு கையால் சாப்பிட்டார்.

அல்லாவின் சித்தம், வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. மழைக்குப் பிறகு கொசுக்கள் தாராவியில் ஒருவரை விடவில்லை. ஹபீபா அவரை க்ளினிக்குக்கு இழுத்துப் போனாள். டாக்டர் ஊசி எழுதினார். நர்ஸ் கோகிலவாணி திரையை இழுத்துவிட்டு, "திரும்பிப் படுங்க பாய்" என்றாள்.

"கையில போட்டுருங்க சிஸ்டர்."

"இது கையில போடுத மருந்து இல்ல. இடுப்புலதான்."

"லுங்கிக்கு மேலயே போட முடியாதா?"

"லுங்கிக்குக் காய்ச்சல் இல்லையே பாய்."

லுங்கி இறங்கியது. கோகிலவாணி கயிற்றைப் பார்த்தாள். பிறகு, "நீங்களுமா" என்று சொல்லி ஊசியை இறக்கினாள். ஜெயினுலாப்தீனுக்கு ஊசி வலிக்கவில்லை, அந்த ஒரு வார்த்தைதான் வலித்தது. நர்ஸ் பார்த்தது பின்பக்கம்தான், கயிற்றின் பலன் முன்பக்க முடிச்சில் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கிடந்தார். திரைக்கு அந்தப் பக்கம் அவள் ஹபீபாவிடம் பேசுவது கேட்டது.

"யாரு இடுப்புல என்ன கெடக்குன்னு நான் வெளிய சொல்லக் கூடாதுக்கா. ஆனா இந்த மாசம் காய்ச்சல்னு வந்த தொப்பிக்காரவுக பூராவும் இடுப்பப் பொத்திக்கிட்டேதான் படுக்காவ. ஒரு நாள் எல்லாரையும் ஒண்ணா நிக்க வச்சு சட்டையத் தூக்கச் சொல்லுங்க. அம்புட்டுதான்."

ஜெயினுலாப்தீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹபீபாவுக்கு விளங்கியது. வீடு வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துதான் அவருக்குக் காய்ச்சல் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் பந்து தரிசனம். கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸை விட்டு இறங்கிய கூட்டம் இடுப்பைப் பிடித்தபடியே நடந்து வந்தது. பார்த்தவர்கள் இடுப்பு வலிக்கு ஏதோ இலவச முகாம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவசரம் தாங்காத சிலர் சனிக்கிழமையே துணியைச் சாயத்துக்குப் போட்டுவிட்டு, நகக்கண்ணில் நிறத்தோடு வந்திருந்தார்கள். அதை மறைக்க உள்ளங்கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்கள். ஜெயினுலாப்தீன் உட்கார்ந்ததும் பக்கத்தில் நம்பிராஜன் வந்து உட்கார்ந்தார். போன வருஷத்து அதிர்ஷ்டசாலி. அவருக்குச் சாமியிடம் பக்தி எக்கச்சக்கம்.

பேச்சிராஜா பந்தைத் தூக்கிக் காட்டினான். "பேசுனவன் கெட்டான்" என்றான். "பேச மாட்டோம்" என்று கூட்டம் சத்தமாகப் பேசியது. காணிக்கைத் தட்டு கிளம்பியது. அது பாதி தூரம் வந்தபோது, பின்வரிசையில் ஹபீபா எழுந்து நின்றாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சந்தேகம் பந்துக்கு ஆகாதும்மா."

"பந்துகிட்ட கேக்கல, உங்ககிட்டதான் கேக்கேன். ஹாலிங்கர் ஒரே ஆளுதானே?"

"ஒரே ஆளுதான்."

"போறது ஒரே ஊருக்குத்தானே?"

"ஆமா, ஒரே ஊருக்குத்தான்."

"அப்ப இங்க உக்காந்திருக்கவுக எல்லார் இடுப்புலயும் ஒரே நிறக் கயிறுதானே இருக்கணும்?"

பேச்சிராஜா தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, "வாயத் தொறந்து நிறத்தச் சொன்னா பலிக்காது" என்றான்.

"யாரும் வாயத் தொறக்க வேண்டாம். சட்டைய மட்டும் தூக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. ஹபீபா தொப்பிக்காரன் பெண்டாட்டி, அவளுக்குத் தொழில் தெரியும். "பக்கத்துல இருக்கவரும் உங்க நிறத்துலதான் தைக்காரான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? எல்லாருகிட்டயும் ஒரே மால் இருந்தா செம்பூர்க்காரரு யாருகிட்ட எடுப்பாரு?"

அவ்வளவுதான், எல்லாத் தலையும் பக்கத்து இடுப்புக்குத் திரும்பியது. பக்திக்கு அசையாத இடுப்பு வியாபாரத்துக்கு அசைந்தது. ஹபீபா தன் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை எதிர்த்து உட்கார்ந்திருப்பதைவிட அமெரிக்காவின் கோபத்தைத் தாங்கலாம் என்று தோன்ற, ஜெயினுலாப்தீன் எழுந்து சட்டையைத் தூக்கினார்.

"பாய், உமக்கு நீலமா?" என்றார் நம்பிராஜன். அவரும் சட்டையைத் தூக்கினார். கறுப்பு.

பிறகு மண்டபம் முழுக்கச் சட்டைகள் எழுந்தன. தொந்திகளுக்கு நடுவே சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒரு சாயக்கடையே விரிந்தது. ஒருவர் இடுப்பில் இரண்டு நிறம் இருந்தது. "ஒண்ணு மச்சான் பேர்ல" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

பேச்சிராஜா லேசுப்பட்டவன் அல்ல. கண்ணீர் விட்டான். "எல்லாருக்கும் நான் கட்டுனது ஒரே நிறம். அவரவர் பாவம் கயித்துல ஏறி நிறத்த மாத்திருச்சு. சரியான நிறம் பாவம் செய்யாதவன் இடுப்புல மட்டும்தான் இருக்கு."

நம்பினால் நம்புங்கள், கூட்டம் அதையும் நம்பத் தொடங்கியது. ஒவ்வொருவரும் தன் கயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு, அடுத்தவன் செய்த பாவத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் பேச்சிராஜா ஒன்றை மறந்துவிட்டான். அவன் நிறம் மாறிய கதையைச் சொன்னது சாயத்திலேயே புரண்டு பிழைக்கிறவர்களிடம்.

ஜெயினுலாப்தீனின் பாவத்தைக் கண்ணால் பார்த்துவிட ஆசைப்பட்ட நம்பிராஜன், அவர் கயிற்றை அறுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தார். புரி பிரித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு நிறத்துக்கு மேல இன்னொரு நிறம் ஏறுனா, பிரிச்சா உள்ள பழசு தெரியும்லா. இது உள்ளயும் நீலந்தான்வே. மில்லுல போட்ட சாயம்." தன்னுடையதையும் அறுத்துப் பிரித்தார். உள்ளேயும் கறுப்பு. மண்டபமே கயிறு பிரிக்க உட்கார்ந்துவிட்டது. ஒருவர் கயிற்றிலும் பாவம் இல்லை.

"எல்லா நிறத்தையும் ஆளுக்கு ஒண்ணாக் கட்டிவிட்டா ஒருத்தருக்குப் பலிக்காம எங்க போகும்?" என்றாள் ஹபீபா. "போன வருசம் பலிச்சது நம்பி அண்ணனுக்கு. அவுக ஊரெல்லாம் சொன்னாவ. பலிக்காதவுக நம்ம மேலதான் குத்தம்னு வாயப் பொத்திக்கிட்டாவ. எங்க சந்துல மஞ்சத் தொப்பி, அடுத்ததுல சிவப்பு, அங்கிட்டு நாய்க்கு நீலம். ஒரு வருசமா கண்ணு முன்னாலதான திரிஞ்சுது?"

ஜெயினுலாப்தீன் சட்டையை இறக்க மறந்து நின்றார். காய்ச்சல் விட்டுப்போன உடம்பில் வெட்கம் சுட்டது. ஒரு வருஷமாக அவளுடைய காதைக் குற்றம் சொல்லியிருக்கிறார். விற்ற மெஷின் நின்ற இடத்தைப் பெருக்கும்போதெல்லாம் அவள் வாய் திறக்காமல் இருந்ததை இப்போதுதான் நினைத்துப் பார்த்தார்.

யாரோ பேச்சிராஜாவின் ஜிப்பாவையும் தூக்கினார்கள். அவன் இடுப்பில் கயிறே இல்லை. நல்ல தோல் பெல்ட் இருந்தது, அதில் கெட்டியான ஒரு பணப்பை இருந்தது. பை கூட்டத்தோடு தங்கியது. அவன் பின்வாசல் வழியாக ஓடினான். மட்டையைப் போட்டுவிட்டு எதற்காக ஓடுகிறார்கள் என்று தாராவிக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

முந்தாவிட்டால் ஆர்டர் போய்விடும் என்று மற்றவர்கள் திங்கட்கிழமையே ஆளுக்கொரு நிறத்தைத் தாங்களே ஊகித்துத் துணியைத் தொட்டியில் போட்டார்கள். ஜெயினுலாப்தீன் மட்டும் அனுப்பவில்லை. ஹபீபா மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். செய்தி வந்த பிறகு போடலாம், மெதுவாகக் கிடைக்கிற ஆர்டர் போதும் என்றாள்.

வியாழக்கிழமை செய்தி வந்தது. ஹாலிங்கர் ஜப்பானில் ஒரு டீமுக்குப் போய்விட்டான். அந்த டீமுக்கு வெள்ளைத் தொப்பி.

எல்லார் துணியும் ஏதோ ஒரு நிறத்தில் நனைந்து கிடந்தது. வெள்ளையாக இருந்தது ஒரே ஒரு மூட்டை. செம்பூர் ஏஜெண்ட் தாமே நடந்து வந்து மொத்த ஆர்டரையும் கொடுத்தார். அவர் போன பிறகு ஜெயினுலாப்தீன் மனைவியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது. தெரியாததுனாலதான் சாயம் போடல."

அவர் சிரித்துவிட்டார். மறு மெஷின் வாங்க என்றைக்குப் போகலாம் என்று கேட்டார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் வரிசை. ரேஷன் கடையையும் தாண்டி நின்றது. முதல் ஆள் நம்பிராஜன், கையில் எலுமிச்சம்பழமும் ஊதுபத்தியும். நேற்றுவரை தங்கச்சி என்று கூப்பிட்டவர், உடம்பைக் குறுக்கிக்கொண்டு, "தாயே" என்றார். "அடுத்த வருசம் எவன் எங்க போவான்னு வாய்தொறந்து ஒரு வார்த்த சொல்லணும்."

ஹபீபா அவரைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பரணில் ஏறி, ஒரு மூட்டை மஞ்சள் தொப்பியோடு இறங்கி வந்தாள். நம்பிராஜன் பக்தியோடு தலையைத் தாழ்த்தினார். தொப்பியை அவர் தலையில் அழுத்தி வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"இதப் போட்டுக்கிட்டே திரியுங்க அண்ணே. உங்களுக்குன்னு ஒரு தலை இருக்கதாவது ஞாபகம் இருக்கும்."