சுவிட்சர்லாந்து, லவ்டேல் வழி

பாஸ்டர் செல்லதுரை சுவிட்சர்லாந்திலிருந்து தன் குன்னூர் சபைக்கு ஸ்தோத்திரம் அனுப்பியபோது, ஊட்டியை ஒட்டிய லவ்டேலில் ஒரு விடுதியின் கொல்லைப்புறத்தில், குரங்குக் குல்லாவோடு குந்தியிருந்தார். மணி காலை ஏழு. புல்வெளி முழுக்க உறைபனி, அதன்மேல் இளவெயில். ஒரு படம் எடுத்து சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

ஐரோப்பாவில் அணைந்துபோன விசுவாசத்தை மறுபடி கொளுத்த ஆண்டவர் அவரைத்தான் அழைத்திருந்தார். சாக்லேட் விளையும் நாடுகளுக்கு மட்டுமே அவருக்கு அழைப்பு வரும். பஞ்சம் பிடித்த நாடுகளுக்கு ஆண்டவர் வேறு ஆள் வைத்திருப்பார் போலும்.

தூதரகத்துக்கு அந்த அழைப்பு கேட்கவில்லை. சபையார் பேனர் கட்டி, மாலை போட்டு, அழுதுகொண்டு நின்ற நேரத்தில்தான் விசா மறுக்கப்பட்ட செய்தி வந்தது. போட்ட மாலையைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. கண்ணைத் துடைத்தபடி காரில் ஏறியவர், லவ்டேலில் இறங்கிக்கொண்டார். மனைவி ஜெஸிந்தாவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

படம் போட்ட இரண்டாவது நிமிடம், மாதர் ஐக்கியத் தலைவி பிலோமி கேட்டாள். பள்ளியில் புவியியல் நடத்துகிறவள்.

"பாஸ்டர், அங்க இப்ப ராத்திரி ரெண்டரை மணி ஆச்சுங்களே. வெயில் அடிக்குதுங்களா?"

செல்லதுரை குரங்குக் குல்லாவை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டார். பிறகு தட்டினார்: "நேற்று எடுத்த படம், சிஸ்டர். ஆத்தும பாரத்தால் எனக்கு உறக்கமே இல்லை."

சபை உருகிவிட்டது. பாஸ்டர் தூங்க வேண்டுமென்று அன்றே சங்கிலி உபவாசம் தொடங்கியது. அவர் டீயில் வர்க்கியை முக்கிக்கொண்டிருந்தபோது ஜெஸிந்தா போன் செய்தாள்.

"ஏனுங்க, நீங்க தூங்கோணும்னு இங்க சபையே பட்டினி கெடக்குது. உண்மையச் சொல்லிப்போட்டு ஊட்டுக்கு வாங்க."

"சொன்னா அப்புறம் பிரசங்க மேடையில ஏற முடியுமா? சபையே கைய விட்டுப் போயிரும், ஜெஸி."

"அப்பத் தூங்கித் தொலைங்க. உங்களுக்கு நல்லா வர்றது அது ஒண்ணுதான்."

பேச்சை மாற்ற, மறுநாள் வேலியோரம் மேய்ந்த மாட்டைப் படம் எடுத்துப் போட்டார். "சுவிஸ் பசு! கர்த்தரின் படைப்பே படைப்பு!"

"கொம்புல நீலப் பெயிண்ட் அடிச்சிருக்குதுங்களே பாஸ்டர்," என்றாள் பிலோமி. "அங்கயும் மாட்டுப் பொங்கலுங்களா?"

மாட்டுப் பொங்கல் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"பசுவின் சொந்தக்காரர் என் செய்தியைக் கேட்டு மனந்திரும்பினார், சிஸ்டர். தமிழ்ச் சபைமேல் வைத்த அன்பினால் அவரே தன் கையால் பூசினார்."

ஐரோப்பாவே திரும்பிவிட்டதுபோல் குழுவில் அல்லேலூயா பறந்தது. கடைசியாக பிலோமி எழுதினாள்: "ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சு பன்னெண்டு மணிக்கு அந்த விவசாயி வீடியோல சாட்சி சொல்லட்டுங்க பாஸ்டர். பெரிய திரை கட்டறோம். சபையே பாக்கோணும்னு துடிக்குது."

ஞாயிறு காலை வெந்நீர் வாளியோடு மூக்கன் வந்தான். விடுதியைப் பார்த்துக்கொள்கிறவன், வாயைத் திறக்காதவன். அவனிடம் செல்லதுரை தன்னைத் தேயிலை ஏஜென்ட் என்று சொல்லியிருந்தார்.

"மூக்கா, இந்தப் பக்கம் வெள்ளைக்காரர் யாராச்சும் கிடைப்பாங்களா? அஞ்சே நிமிஷம். பன்னெண்டு மணிக்கு."

"எதுக்குங்க சார்?"

"தேயிலை விஷயமாத்தான். போன்ல ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடணும். கையத் தூக்கி அல்லேலூயா சொல்லணும்."

"தேயிலைக்குங்களா?"

"ஏற்றுமதித் தேயிலைப்பா!"

மூக்கன் வாளியைக் கீழே வைத்தான். விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"ஒருத்தரு இருக்காருங்க. ஆனா பன்னெண்டு மணிக்கு மூணாம் நம்பர் ரூமு பாஸ்டருக்கு அவரு நார்வேக்காரரு, ஒரு மணிக்கு அஞ்சாம் நம்பர் பாஸ்டருக்கு ஜெர்மனிக்காரரு. உங்க சுவிட்சர்லாந்துக்கு ரெண்டு மணிக்குத்தான் ஒழிவா இருப்பாருங்க, பாஸ்டர்."