அம்சவள்ளி தேய்த்த கார்புரேட்டர்

மலாயாவில் பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டியவன் நான். பெயர் அழகேசன். ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிப்போனார். காரை விட்டுவிட்டுப் போனார். கூடவே என்னையும். காருக்குக் கொட்டகை இருந்தது. எனக்கு அம்சவள்ளி இருந்தாள்.

அரிசி கண்ணில் பட்டு நாளாகியிருந்தது. வீட்டில் இரண்டு வள்ளி. சாப்பாட்டு நேரத்தில் மரவள்ளி, மற்ற நேரமெல்லாம் அம்சவள்ளி.

ஒருநாள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி பரஞ்சோதி வந்தார். ஜப்பான்கார அதிகாரிக்கு அவர்தான் மொழிபெயர்ப்பு.

"அதிகாரிக்குக் கார் வேணுமாம். ஓட வச்சா நீதான் டிரைவர். அரிசிச் சோறு, சிகரெட்டு, தொப்பி."

தொப்பி என்றதும் நான் முடிவு செய்துவிட்டேன். அம்சவள்ளிக்கு அது பிடிக்கவில்லை.

"பாசார்ல கீரை விக்கிற சைதூன் அக்கா சொன்னாங்க. ஓடுற வண்டியெல்லாம் டிரைவரோட சேத்து சயாமுக்கு அனுப்புறாங்களாம், ரயில் ரோடு போடுற காட்டுக்கு. போனவங்க திரும்பி வரலையாம்."

"அது கூலி ஆளுங்க. நான் டிரைவர்லா. டிரைவருக்குத் தனி மரியாதை."

"காய்ச்சலுக்கு அது தெரியுமா?"

"நீ சும்மா இரு."

சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்தால் நான்தான் பயந்திருக்க வேண்டும்.

காரில் பெரிய கோளாறு இல்லை. பெட்ரோல் கிடைக்காமல் ரப்பரை உருக்கி வடித்த எண்ணெயை ஊற்றியிருந்தேன். அது கார்புரேட்டரில் கோந்தாக இறுகிப் போயிருந்தது. காற்றும் எண்ணெயும் கலக்கிற இடம் அது. அது அடைத்தால் காருக்கு மூச்சு நின்றுவிடும். கழற்றிக்கொண்டு வந்து அடுப்படியில் சாக்கு விரித்துப் பரப்பினேன். கழுவ மண்ணெண்ணெய் வேண்டும். விளக்குக்கே இல்லாத மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது?

"குடுங்க, நான் தேய்ச்சுத் தர்றேன்" என்றாள் அம்சவள்ளி.

தேங்காய்மட்டைச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, பாகங்களை அதில் போட்டுக் கொதிக்க விட்டாள். கோந்து தோல் தோலாக உரிந்தது. பித்தளைப் பச்சைக்குப் புளி. பொடித் துவாரங்களுக்கு மெல்லிசாகச் சீவிய விளக்குமாற்று ஈர்க்கு. அவள் தேய்த்தாள். நான் பிரசங்கம் செய்தேன்.

"இந்த உருண்டை எதுக்குங்க?"

"அதான் மிதவை. உள்ள வெறும் காத்து. எண்ணெய் நிறைஞ்சதும் மேல வந்து, எண்ணெய் வர்ற வழிய அடைச்சிரும்."

"அடைக்கலைன்னா?"

"எண்ணெய் வழிஞ்சு எஞ்சின் நனைஞ்சு நின்னுரும்."

"ஏன் அடைக்காமப் போகும்?"

"ஊசி நுழையிற அளவு ஓட்டை இருந்தாப் போதும். எண்ணெய் உள்ள போயி மிதவை முழுகிரும்."

"எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க."

கல்யாணமான நாளாக அவள் என்னைப் புகழ்ந்ததில்லை. எனக்கு மிதப்பு ஏறியது. அந்த மிதப்போடு கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் பளபளவென்று தட்டில் இருந்தது. அப்படியே காரில் பூட்டினேன்.

மறுநாள் காலை அதிகாரி லாரியில் வந்து இறங்கினார். கைப்பிடியைச் சுழற்றினேன். கார் உயிர் பெற்றது. அதிகாரி தலையசைத்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்தேன். கொட்டகையைத் தாண்டுவதற்குள் இரண்டு இருமல். எண்ணெய் நாற்றம். கார் நின்றது. மறுபடி சுழற்றினேன், மறுபடி நின்றது.

திறந்து மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டினேன். களக், களக். அதிகாரியும் வாங்கி ஆட்டிப் பார்த்தார், கிலுகிலுப்பை கிடைத்த பிள்ளை மாதிரி.

"சரி பண்ண முடியுமான்னு கேக்குறார்" என்றார் பரஞ்சோதி.

"ஈயம் உருக்கி அடைக்கணும். தோட்டத்து ஈயத்தையெல்லாம் இவங்கதானே அள்ளிக்கிட்டுப் போனாங்க."

பரஞ்சோதி இதை ஒரே வார்த்தையில் மொழிபெயர்த்தார். 'இல்லை' என்பதாகத்தான் இருக்கும்.

அதிகாரி மிதவையை என் கையில் வைத்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார். லாரி ஓட்டியவன் திகாம் பத்து என்ற ஊரைச் சேர்ந்த அம்மாசி. அவன் தலையில் தொப்பி இருந்தது. லாரி வடக்கே திரும்புகிற வரை அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பித்தளைக்கு வயசாயிருச்சு" என்றேன் சாப்பிடும்போது.

"பித்தளைக்கு ஒண்ணும் ஆகல." கிழங்கை என் தட்டில் வைத்தாள். "நான்தான் ஊசியால குத்துனேன்."

வாயில் போட்ட கிழங்கை மெல்லுவதற்கு மறந்துபோனேன்.

"எங்க குத்தணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

பல நாள் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அம்மாசியின் மனைவி செல்லாயி எங்களைத் தேடி வந்தாள். சயாமுக்குப் போன புருஷனைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. அம்சவள்ளி அவளை உட்காரவைத்து, எங்கள் இரவுச் சாப்பாட்டை அவளுக்குப் போட்டாள். நான் கொட்டகைக்குப் போய் ஓடாத காரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து அம்சவள்ளியிடம் தண்ணீர் கேட்டேன். அன்றிலிருந்து மறுபடி பேச்சுவார்த்தை தொடங்கியது.

ஜப்பான்காரன் போன பிறகு, அம்சவள்ளி கார்புரேட்டரைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதும் மிதவையைக் குத்தியதும் மெல்ல வெளியே கசிந்தது. ஒரு காலை மெர்போக்கிலிருந்து லாரிக்காரர் ஒருவர் கார்புரேட்டரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு போய்க் கையை நீட்டினேன். அவர் சாக்கைத் தரவில்லை. என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அக்கா இருக்காங்களாண்ணே?"