வேர்ல்டு டூர் போட்ட மனு

மனுப் போட்டு ஒரு ராக் இசைக் குழுவைத் தன் ஊருக்கு வரவழைத்த ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் லஸ் முனை ஆட்டோக்காரர்தான். அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையில்லை என்பதற்கான ஆதாரம் முழுவதும் என் வீட்டுப் பரணில் இருந்தது.

அவருடைய சொந்தப் பெயர் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ‘வேர்ல்டு டூர்’. மற்ற ஆட்டோக்களின் முதுகில் ‘பிரசவத்துக்கு இலவசம்’ என்றிருக்கும். இவருடையதில் டோக்கியோ, சிட்னி, பெர்லின் என்று ஊர்கள் வரிசையாக இறங்கும். ஒரு வெளிநாட்டுக் குழு எங்கெங்கே பாடப் போகிறது என்கிற பட்டியல் அது. ஒவ்வொரு டூருக்கும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். கடைசி வரியில் ‘சென்னை’ மட்டும் அழியாமல், தேதி இல்லாமல் நிற்கும். சிட்னிக்கு எப்போது கிளம்பப் போகிறார் என்று ஒரு பெண் விளையாட்டாகக் கேட்டபோது, “ரிட்டர்ன் சவாரி கெடைக்காதும்மா” என்று நிதானமாகப் பதில் சொன்னார்.

ஆள் சிந்தாதிரிப்பேட்டை. வாலிபத்தில் பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் வாங்கிய ஒரே ஒரு கேசட்தான் அவருடைய மொத்த ராக் ஞானம். அதிலும் ஏ சைடில் அவருடைய மச்சான் தன் கல்யாண நாதஸ்வரத்தைப் பதிவு செய்து தொலைத்துவிட்டார். ஆகவே அந்தக் குழுவின் பி சைடு பாட்டுகள் மட்டும் அவருக்கு மனப்பாடம்.

நான் தினமும் ஆபீசுக்கு அவர் வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் சிக்னலில் திரும்பிப் பார்த்தார்.

“சார், இங்கிலீஷ்ல மனு எழுதுவியா?”

“யாருக்கு?”

“பாட்டுக்காரங்களுக்கு. எல்லா ஊருக்கும் போய்க்கினு கீறாங்க. நம்ம ஊரு இன்னா பாவம் பண்ணுச்சு?”

“ரசிகர் கடிதமா எழுதிடலாமே?”

“கடுதாசின்னா குப்பைல பூடும் சார். மனுன்னா ஃபைல்ல ஏறும்.”

எழுதினோம். அனுப்புநர்: ஆட்டோ ஸ்டாண்ட், மேற்பார்வை என் வீட்டு விலாசம். பெறுநர்: கேசட் அட்டையில் பொடி எழுத்தில் இருந்த லண்டன் கம்பெனி. பொருள்: சென்னையில் கச்சேரி நடத்தக் கோருதல். மே மாதம் வெயில் தாங்காது, மார்கழியில் ஹால் கிடைக்காது, விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது ஸ்டாண்டின் பொறுப்பு, டிரம்ஸை வண்டி மேலே கட்டிக்கொள்ளலாம். ‘ஆவன செய்யுமாறு’ என்பதை இங்கிலீஷில் கொண்டுவர எனக்கு அண்ணா சாலை முழுவதும் தேவைப்பட்டது. ஸ்டாண்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்று மாதத்தில் அது திரும்பி வந்தது. அந்த விலாசத்தில் அப்படி ஒரு கம்பெனி இல்லையாம். என் மனைவி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“லண்டன் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு. நம்மாத்துல வேற யாரும் போனதில்லை. அந்த மனுஷன்கிட்ட சொல்லிடுங்கோ.”

சொல்லத்தான் நினைத்தேன். மறுநாள் காலை வண்டியை நிறுத்தியதும், “ஃபைலு மூவ் ஆவுதா சார்?” என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு விலாசத்துக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன்.

“மனு குடுத்த எடத்தை மாத்தவே கூடாது சார். ஃபைலு காணாம பூடும்.”

வருடத்துக்கு ஒரு நினைவூட்டல் மனு. பதினோரு வருடத்தில் பதினோரு மனு, பதினொன்றும் பரணில். ஒவ்வொன்று திரும்பி வரும்போதும் உண்மையைச் சொல்வது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே போனது. சொன்னால் அந்த மனிதர் என்னை விட்டுப் போய்விடுவார் என்று பயந்தேன்.

போன வருடம் குழு தன் கடைசி டூரை அறிவித்தது. பட்டியலில் நிஜமாகவே சென்னை இருந்தது. அவர் வண்டியின் கடைசி வரிக்குத் தேதி கிடைத்தது. அந்த வாரமே லஸ் முனையில் ஒரு ஃப்ளெக்ஸ் எழும்பியது: ‘எங்கள் நீண்ட நாள் கோரிக்கையை ஏற்று வருகை தரும் அண்ணன்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி.’ தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தால் வைப்போமே, அதே மாதிரி. ஸ்டாண்டுக்காரர்கள் ஆளுயரம் நின்றார்கள். குழு ஒரு மூலையில் ஸ்டாம்ப் அளவு. என் படத்தையும் போட்டு, கீழே ‘மனு உதவி’ என்று எழுதியிருந்தார்கள். நான் கொஞ்ச நாள் காய்கறிக்கு வேறு வழியாகப் போனேன்.

நந்தனத்தில் கச்சேரி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். சுற்றிலும் பிள்ளைகள் குதிக்க, இவர் திறப்பு விழாவுக்கு வந்தவர்போலக் கைகட்டி நின்றார். முதல் நாலு பாட்டும் ஏ சைடு.

“இதெல்லாம் புதுசு சார். நமக்கோசரம் போட்டுகிறாங்க.”

பிறகு பி சைடு ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி விடாமல் பாடினார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் பரணில் கிடந்த பதினோரு உறைகளும் ஞாபகம் வந்துகொண்டே இருந்தன.

மறுநாள் காலை வந்து, “ஒரு நன்றிக் கடுதாசி எழுதணும் சார்” என்றார். உள்ளே போய்ப் பரணிலிருந்து கட்டை எடுத்து வந்து சீட்டில் வைத்தேன்.

“ஒண்ணுகூடப் போய்ச் சேரலை. அவங்க தானாத்தான் வந்திருக்காங்க. நான் சொல்லாம இருந்துட்டேன்.”

எஞ்சினை அணைத்தார். ஒவ்வொரு உறையாக எடுத்து, அதன்மேல் இருந்த லண்டன் முத்திரையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

“பதினொண்ணும் கீதா?”

“இருக்கு.”

“ஏறு சார்.”

குழு தங்கியிருந்த ஹோட்டலில் கொண்டுபோய் நிறுத்தினார். காக்கிச் சட்டையோடு ரிசப்ஷனுக்குப் போய்ப் பதினோரு உறைகளையும் வைத்தார். அங்கிருந்த பெண், அறைக்கு அனுப்பி வைப்பதாகச் சிரித்தபடி சொன்னாள். அவர் நகரவில்லை. வருடா வருடம் ஜெராக்ஸ் எடுத்து வண்டியிலேயே வைத்திருந்த பதினோரு நகல்களைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

“சீல் வெச்சுக் குடும்மா. வாங்கிக்கினதுக்கு அத்தாட்சி வோணும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பதினொன்றிலும் ஹோட்டல் முத்திரை விழுந்தது.

திரும்பும்போது, “கோபமா?” என்று கேட்டேன்.

“ஆமா.” மந்தைவெளி சிக்னலில் வண்டி நின்றது. “பதினோரு வருசம் ஒத்த ஆளா தூக்கிக்கினு இருந்துகீற. என்னாண்ட சொல்லிருந்தா பாதிய நான் தூக்கிருப்பேன்ல சார்.”

சிக்னல் விழுந்தது. முத்திரை விழுந்த நகல்களை லஸ் வரும்வரை நான் மடியில் வைத்துப் பிடித்திருந்தேன்.