சம்பந்தியம்மாவுக்கு ஏற்ற படம்

நேரில் வாய் திறக்காதவர்களை அடக்கமானவர்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அந்த வகைதான் என்பதால் சொல்கிறேன், நம்பாதீர்கள். எங்களுக்கும் உள்ளே பேச்சு ஊறிக்கொண்டேதான் இருக்கும். வெளியே வர ஒரு ஓட்டை கிடைத்தால் போதும், மொத்தமும் அந்த வழியாகக் கொட்டிவிடும். எனக்குக் கிடைத்த ஓட்டை என் மகள் செல்வி வாங்கிக் கொடுத்த போன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஜன்னல் கிரில் செய்யும் பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தவன் நான். முகத்துக்கு முன்னால் கவசத்தைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. என் சுபாவத்துக்கு அது ரொம்பப் பொருத்தம். எனக்கு இருந்த ஒரே பைத்தியம் சினிமா. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அதைப்பற்றி யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்ல ஆள் கிடையாது. (என் மனைவி, கதையை ஆரம்பித்ததுமே கிளைமாக்ஸ் என்னவென்று கேட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.)

பாவம் பார்த்து செல்விதான் என்னை பெங்களூர்த் தமிழ் சினிமா ரசிகர்களின் குழு ஒன்றில் சேர்த்துவிட்டாள். படம் வந்த அன்றே அதில் விமர்சனங்கள் வந்து விழும். யாருடைய நம்பரும் தெரியாது, அவரவர் வைத்துக்கொண்ட பெயர் மட்டும் தெரியும். நான் ‘ஓரத்து சீட்டு’ என்று வைத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் அங்கே பேசியது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சண்டைப் படம், அழுகைப் படம், சாமி படம், பேய்ப் படம், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வகைகள். அவர்களோ சைக்கலாஜிக்கல் த்ரில்லர், டார்க் காமெடி என்று அடுக்கினார்கள். எனக்குப் பொறுமையாக விளக்கியவர் ‘பால்கனி’ என்ற பெயரில் இருந்தவர். ஸ்லோ பர்ன் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். “இன்டர்வல் வரைக்கும் ஒண்ணும் நடக்காது குரு. அதுக்கப்புறமும் நடக்கலன்னா அது ஆர்ட் ஃபிலிம்” என்று பதில் வந்தது. (‘குரு’ என்பது எங்கள் ஊரில் ‘மச்சி’ மாதிரி, சிநேகிதர்களைக் கூப்பிடுவது.)

அன்று முதல் நாங்கள் தனியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். அவர் தமிழில் டைப் செய்வார். எனக்கு ஒரு வரி அடிப்பதற்குள் விடிந்துவிடும் என்பதால் குரலைப் பதிவு செய்து அனுப்புவேன். பேயாக வந்த அம்மா பிள்ளைக்குச் சோறு ஊட்டினால் அது பேய்ப் படமா, சென்டிமென்ட் படமா என்று நாள்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். நாங்கள் சண்டை போட்ட படங்களில் பாதியை இருவருமே பார்த்ததில்லை. விமர்சனம் படித்ததோடு சரி. அவர் யார், எந்த ஏரியா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் நேரில் சந்திக்க வேண்டி வருமே!

இந்த நேரத்தில் செல்வி, தன்னோடு வேலை செய்யும் அருணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். நல்ல பையன். விவேக் நகரில் வீடு. அவன் அம்மா மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனோம். இரண்டு தடவையும் நான் “வணக்கங்க” என்றதோடு காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண்ணுடைய அப்பாவுக்குத் தலைக்கனம் என்று அந்த அம்மா அருணிடம் சொல்லிவிட்டார்.

செல்வி என்னிடம் வந்து நின்றாள். “ரெண்டு குடும்பமும் ஒரு சினிமாவுக்குப் போலாம்ப்பா. படத்தை நீயே செலக்ட் பண்ணு. உனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே, இன்டர்வல்ல அதைப்பத்தியாவது நாலு வார்த்தை பேசு. அவங்க வேணாம்னுட்டா அருண் அவங்க பேச்சை மீறி வரமாட்டான்.”

இப்படி என் மகளின் கல்யாணம் நான் தேர்ந்தெடுக்கும் படத்தின் தலையில் வந்து உட்கார்ந்தது.

நேராகப் பால்கனியிடம் போனேன். மருத்துவரிடம் நோயைச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னால்தானே சரியான படம் சொல்வார்? “பையனோட அம்மா சிரிச்சு நான் பார்த்ததே இல்ல குரு. டிராபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டித்தான் ஆளுங்களை உக்கார வெப்பாங்க. வீட்டுக்காரரு ஒருத்தர் இருக்காரு, பாவம். வாசல்ல ஆம்பளைச் செருப்பு கெடக்கறத வெச்சுதான் வீட்ல ஒரு ஆம்பளை இருக்காருன்னே தெரியும்.”

பதில் உடனே வந்தது. “அந்த ஆளை நெனச்சா எனக்கே கண்ணு கலங்குது குரு. பேசாம பேய்ப் படம் கூட்டிட்டுப் போ. பயத்துல பக்கத்து ஆள் கையைப் புடிச்சே ஆகணும், தன்னால சொந்தமாயிடுவாங்க. எங்க வீட்டம்மாவும் இதே டைப்தான். பேயைப் பார்த்தாதான் அடங்குவா.”

படத்தின் பெயரையும் சொன்னார். அவரும் பார்க்கவில்லை. ஆனால் எல்லா விமர்சனமும் ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்று சொல்லியிருந்தன. பேய் யார் என்பதை மட்டும் எவரும் எழுதவில்லை. அதை எழுதினால் ஸ்பாய்லராம், குழுவிலிருந்து நீக்கிவிடுவார்களாம்.

பேய் யாரென்பது இடைவேளைக்கு ஒரு நிமிடம் முன்னால் தெரிந்தது. செத்துப்போன மாமியார். கல்யாணத்துக்கு முன்பே வருங்கால மருமகளின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு சாத்தினாள். விளக்கு எரிந்தது. எங்கள் வரிசையில் எல்லோரும் ஒரே சமயத்தில் அருணின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் யாருடைய கையையும் பிடித்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளிய வாப்பா, ஏதாவது பேசு” என்று செல்வி கண்ணால் கெஞ்சினாள். நான் பாத்ரூம் பக்கம் ஓடி, ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு போனை எடுத்தேன். “குரு, மோசம் போயிட்டேன். மாமியார்தான் பேயாம், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சம்பந்தியம்மா உக்காந்திருக்கறதப் பார்த்தா அந்தப் பேயே தேவலாம். இவங்களுக்கு மேக்கப்கூட வேணாம்.” அனுப்பிவிட்டு, கொஞ்சம் மனம் லேசாகி, பாப்கார்ன் விற்கும் இடத்துக்கு வந்தேன்.

அங்கே என் குரல் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

அருணின் அப்பா ஃபேக்டரியில் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம். எது வந்தாலும் ஸ்பீக்கரில், முழுச் சத்தத்தில்தான் கேட்பார். கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தார். “இவங்களுக்கு மேக்கப்கூட வேணாம்” என்று நான் மொத்தக் கூட்டத்துக்கும் அறிவித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அந்த அம்மா நின்றிருந்தார்.

ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தினமும் என் குரலைக் கேட்டவருக்கு என்னை எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். அவர் வீட்டில்தான் ஒரு “வணக்கங்க”வைத் தாண்டி நான் வாயே திறக்கவில்லையே! அதே படத்துக்கு டிக்கெட் என்றதும் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்றால், அந்த வாரம் ஊரே அதைத்தான் பார்த்தது.

செல்வி, “அப்பா” என்றாள். அவ்வளவுதான், அவருக்கும் விளங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு நொடி, ஒரே நொடி, அதில் ஒரு சந்தோஷம் வந்தது. பழைய சிநேகிதனைக் கூட்டத்தில் கண்ட சந்தோஷம். அதற்குள் அந்த அம்மா போனை வாங்கி, மேலே தள்ளிப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

“பேயைப் பார்த்தாதான் அடங்குவேனா?” என்று கணவரிடம் நிதானமாகக் கேட்டார். போனை அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். மிச்சப் படத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

செல்வி என்னைத் திட்டவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். “உன்னைப் பேசச் சொன்னது என் தப்புப்பா” என்று ஒருநாள் சொன்னாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

தனியாக விவேக் நகருக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். அந்த அம்மா வழக்கம்போலக் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பை விட்டுவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“அங்க அவ்ளோ பேசனீங்க. இங்க ஒரு வார்த்தை வரலையா?”

“எனக்கு ஆள் மூஞ்சியப் பார்த்துப் பேச வராதும்மா. பயம். தலைக்கனம் இல்லீங்க. எம் பொண்ணு அப்படி இல்ல. என்னை வெச்சு அவளைத் தள்ளிடாதீங்க” என்றேன். நேருக்கு நேராக ஒருவரிடம் நான் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

“பொண்ணு மேல எனக்கென்ன கோவம்? ஆனா நீங்களும் இவரும் என் தலைக்குப் பின்னாடி பேசறது இன்னியோட நிக்கணும்” என்றார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அருணின் அப்பா அன்றே குழுவைவிட்டு வெளியேறினார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

இன்றும் எந்த விசேஷத்திலாவது நான் மௌனமாக உட்கார்ந்திருந்தால், சம்பந்தியம்மா தன் போனை என் வாய்க்கு நேரே நீட்டி, “இதுல சொல்லுங்க, நாங்க அப்புறமா ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுக்கறோம்” என்பார். வீடே சிரிக்கும். (ஆமாம், அவர் சிரிக்கக்கூடியவர்தான். அதிலும் எனக்குத் தப்புக் கணக்கு.) செல்விதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

பண்டிகை நாட்களில் சாப்பிட்டு முடித்தபின் ஆண்கள் இரண்டு பேரையும் டிவி முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். ஏதாவது படம் ஓடும். அதில் ஒரு வாரம் சண்டை போடுமளவுக்கு எனக்குள் சேதி இருக்கும். அவருக்குள்ளும் இருக்கும் என்று தெரியும். அவர் விரல்கள் டைப் செய்வதுபோலத் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் ‘குரு’ என்று சம்பந்தியை எப்படிக் கூப்பிடுவது?

“படம் பரவாயில்லீங்க சம்பந்தி” என்பேன்.

“ஆமாங்க சம்பந்தி” என்பார்.